காலுக்குக் கீழே ஒரு மரத்தளம்: ஐரிஷ் பாட்டுக்கும் ஆட்டத்துக்கும் உங்கள் உதவி வேண்டும்

அன்புடையீர், வணக்கம்.

அயர்லாந்தின் மேற்குப் பக்கம், கால்வே நகரில், பதினைந்து நாளுக்கு ஒருமுறை வெள்ளிக்கிழமை மாலை வாடகைக் கூடம் ஒன்றில் கூடுகிறோம். உள்ளூர் ஐரிஷ் குடும்பங்களும், இங்கே குடியேறிய தமிழ், மலையாள, போலந்துக் குடும்பங்களும் சேர்ந்த குழு இது. ஐரிஷ் நாட்டுப்பாட்டையும் ஆட்டத்தையும் கற்கிறோம், தெரிந்தவர்கள் கற்றுத்தருகிறார்கள், அவை எப்படிப் பிறந்தன என்று பேசுகிறோம். வாடகையும் தேநீர்ச் செலவும் எங்களுக்குள் பகிர்ந்துகொள்வதுதான். இப்போது எங்கள் கைக்கு மீறிய ஒரு செலவு வந்திருப்பதால் உங்களிடம் வருகிறோம்.

கூடத்தின் தரை சிமென்ட். ‘செட்’ என்ற ஆட்டத்தில் நான்கு ஜோடிகள் சதுரமாக நின்று ஆடுவார்கள். பிடில் ‘ரீல்’ என்ற வேகமான ஆட்ட மெட்டை வாசிக்க, குதிகாலும் விரல்நுனியும் தரையில் தாளம் தட்டிக்கொண்டே போகும். அந்தச் சத்தம் இல்லாவிட்டால் பாதி இசை இல்லை. சிமென்ட்டில் அது எழும்புவதே இல்லை. போன குளிர்காலத்தில் நன்றாக ஆடும் பெரியவர்கள் இரண்டு பேர் முழங்கால் தாங்காமல் வருவதை நிறுத்திவிட்டார்கள். மற்றவர்களுக்கு அடவு சொல்லித் தந்தவர்கள் அவர்கள்தான்.

பழைய காலத்துக் கிராமத்து வீடுகளில் வாசலின் பாதிக் கதவைக் கழற்றித் தரையில் போட்டு அதன்மேல் ஆடினார்கள். தளம் நன்றாக ஒலிக்க வேண்டும் என்று தரைக்கல்லுக்கு அடியில் குதிரை மண்டையோட்டைப் புதைத்த வீடுகளும் உண்டு. 1935-ல் பொது நடனக் கூடங்களுக்கு உரிமம் கேட்கும் சட்டம் வந்தது. அதைக் காட்டிப் பாதிரிமாரும் போலீசும் கெடுபிடி செய்ய, பல ஊர்களில் வீட்டு ஆட்டங்களும் ஒடுங்கின.

ஆட்டம் இப்படி என்றால், பாட்டின் கதை இன்னும் நீளம். சென்ற ஏப்ரலில் கால்வேக்கு மேற்கே உள்ள கனமாராப் பகுதியிலிருந்து ஒரு மூதாட்டி வந்து பாடினார். அந்தப் பாணியை ‘ஷான் நோஸ்’ என்பார்கள். பழைய முறை என்று பொருள். பக்கவாத்தியம் கிடையாது. நாற்காலியில் உட்கார்ந்தார், கண்ணை மூடிக்கொண்டார். பக்கத்தில் இருந்தவர் அவர் கையைப் பிடித்து, ராட்டை சுற்றுவதுபோல் மெல்லச் சுற்றிக்கொண்டே இருந்தார். பாடுகிறவருக்குத் தெம்பு கொடுக்கும் வழக்கம் அது. கடைசி அடியைப் பாடவில்லை. வெறும் பேச்சாகச் சொல்லி எழுந்துவிட்டார். எங்கள் தமிழ்ச் சிறுமி ஒருத்தி, “பாட்டி அழுறாங்களா, பாடுறாங்களா?” என்று அம்மாவின் காதில் கேட்டாள்.

அது ஒரு படகு விபத்தைப் பற்றிய பாட்டு. 1828 செப்டம்பர் 4 அன்று அன்னாக்டவுன் ஊரார் கோரிப் ஏரி வழியாகக் கால்வே சந்தைக்குப் படகில் வந்தார்கள். கூடவே ஆடுகளும் இருந்தன. ஓர் ஆட்டின் கால் பலகையைத் துளைத்ததால் படகு மூழ்கியது என்று சொல்வார்கள். செத்தவர்கள் 11 ஆண்கள், 8 பெண்கள் என்று பாட்டே கணக்குச் சொல்கிறது. கட்டியவர் ராஃப்டரி, சிறுவயதில் அம்மை போட்டுப் பார்வை இழந்து, பிடிலோடு ஊர் ஊராய்த் திரிந்த கவிஞர். நம் ஊரில் வெள்ளம் வந்தால், ரயில் கவிழ்ந்தால் சிந்து கட்டிச் சந்தையில் பாடினார்களே, அதே வேலைதான். அவர் தன் பாட்டுகளை எழுதி வைக்கவில்லை. 1835-ல் இறந்தார். அதன் பிறகு அவை மக்கள் வாயில் கிடந்தன. பின்னாளில் நாட்டின் முதல் குடியரசுத் தலைவரான டக்ளஸ் ஹைட் அவற்றைத் தேடித் தொகுத்துப் புத்தகமாகப் போட்டது 1903-ல்.

இடையில்தான் பெரும் பஞ்சம் வந்தது. 1845-ல் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்க, அடுத்த சில ஆண்டுகளில் ஏறத்தாழ 10 லட்சம் பேர் செத்தார்கள். ஏறத்தாழ அதே அளவு பேர் கப்பலேறினார்கள். ஐரிஷ் மொழி பேசிய ஏழை மேற்குப் பகுதிக்குத்தான் அடி அதிகம். நாட்டில் பாட்டுச் சத்தம் நின்றுபோனதுதான் அழிவின் ஆழத்தை மற்ற எதையும்விட அதிகமாக உணர்த்தியது என்று ஜார்ஜ் பெட்ரி 1855-ல் தன் மெட்டுத் தொகுப்பின் முன்னுரையில் எழுதினார்.

அதையும் தாண்டிப் பாட்டு பிழைத்தது. 1940-களில் ஷேமஸ் என்னிஸ் இதே கால்வே மாவட்டத்துக் கார்னா பக்கம் சைக்கிளில் சுற்றிப் பாட்டுச் சேகரித்தார். கொலம் ஓ கீயான் என்ற ஒரே விவசாயியிடம் அவருக்குக் கிடைத்தவை 212. ஒரு மனிதரின் நெஞ்சுக்குள் இத்தனை! இன்று ஆவணக் காப்பகங்களில் இவையெல்லாம் பத்திரமாக இருக்கின்றன. ஆனால் பாட்டு நெஞ்சில் ஏறுவதற்கு எதிரே உட்கார்ந்து கேட்க ஓர் இடம் வேண்டும், ஆட்டத்துக்குக் காலடியில் பலகை வேண்டும். எங்கள் கவலை அதுதான்.

சரி, தமிழர்களிடம் ஏன் கேட்கிறீர்கள் என்று தோன்றலாம். முத்துசுவாமி தீட்சிதர் மேற்கத்திய மெட்டுகளுக்குச் சம்ஸ்கிருத வரி கட்டிய நோட்டுஸ்வரங்களில் ‘வந்தே மீனாக்ஷி’ பாடியிருப்பீர்கள், அல்லது பிள்ளைகள் பாடக் கேட்டிருப்பீர்கள். அது கார்க் மாவட்டத்து மல்லோ என்ற ஊரின் பெயரைத் தாங்கிய ஐரிஷ் ஆட்ட மெட்டு. இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே நம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்த மெட்டு அது. எங்கள் கூடத்தில் ஒரு பையன் அதைச் சம்ஸ்கிருதத்தில் பாட, உள்ளூர்ப் பிடில்காரர் உடனே சேர்ந்து வாசித்தார். எழுந்து ஆடவும் இரண்டு பேர் வந்தார்கள்.

செலவு இதுதான். மடக்கி எடுத்து வைக்கக்கூடிய மரத்தளம், நான்கு ஜோடிகள் ஆடும் அளவு, 4,200 யூரோ. கனமாராவிலிருந்தும் பக்கத்துக் கிளேர் மாவட்டத்திலிருந்தும் வரும் மூத்த பாடகர்களுக்குப் பயணச் செலவும் சன்மானமுமாக ஓராண்டுக்கு 900. பாட்டு வரிகளை ஐரிஷிலும் ஆங்கிலத்திலும், பொருளும் வரலாறும் தமிழிலும் தரும் சிறு புத்தகம் அச்சடிக்க 600. மொத்தம் 5,700. எங்களுக்குள் 1,350 சேர்த்துவிட்டோம். மீதி 4,350.

பணம் குறைந்தால் முதலில் தளம், அப்புறம் பாடகர்கள், புத்தகம் காத்திருக்கட்டும். தளத்தை மற்றக் குழுக்களும் பள்ளிகளும் கேட்டால் இலவசமாகத் தருவோம். பாடுகிறவர் சம்மதித்தால் மட்டுமே ஒலிப்பதிவு, அவர் சொன்னால் மட்டுமே வெளியே கொடுப்போம். வரவு செலவை மாதக் கடைசிக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் வாசிப்போம்.

ஐந்து யூரோ கொடுத்தாலும் ரசீது உண்டு. பணம் முடியாதவர்கள் மரவேலை தெரிந்தால் ஒரு சனிக்கிழமை வாருங்கள். வேன் இருந்தால் சொல்லுங்கள். காய்ந்த கொட்டகையில் தளத்தை வைக்க ஒரு மூலை இருந்தாலும் பெரிய உதவி. பலகைக்கு இந்த மாதக் கடைசிக்குள் முன்பணம் கட்ட வேண்டும். வெளியூரில் இருப்பவர்கள் குழுவில் தெரிந்தவர் யாரிடமாவது சொல்லி அனுப்பலாம். கால்வேயில் இருப்பவர்கள் வெள்ளி மாலை 7 மணிக்குக் கூடத்துக்கே வந்து பொருளாளரிடம் கொடுக்கலாம். பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள், தேநீர் இருக்கும்.

அன்புடன்,
குழுவினர், கால்வே