மூவெயில் எரிந்தபோது உள்ளே இருந்தவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் மிகுபுனைவு (ஃபேன்டசி) கதைகளைப் பற்றி வெளியான கட்டுரையில், கற்பனைப் புராணத்தில் தெய்வம் ஒரு நகரை அழித்தால் அதை அறத்தின் தராசில் நிறுத்துப் பார்க்க வேண்டியதில்லை என்று எழுதப்பட்டிருந்தது. குடியாத்தத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழ் கற்பித்தவன் என்ற முறையில் இக்கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை. தெய்வத்தின் அழிப்பு நன்மையாக இருக்கக்கூடும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அழிந்தவர்கள் யார் என்பதைக் கதை சொல்லியாக வேண்டும்.

சைவ சித்தாந்தம் இறைவனின் ஐந்தொழிலில் (படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல்) ஒன்றாகிய அழித்தலை, பிறந்து இறந்து களைத்த உயிர்களுக்கு இறைவன் அளிக்கும் இளைப்பாற்றல் என்கிறது. அந்த ஒடுக்கத்தில் நல்லவர், தீயவர் என்ற பிரிவினை இல்லை. இன்று புதிய புராணங்களைப் புனைவோர் சிலர் இந்தத் தத்துவத்தை எடுத்துக்கொண்டு, ஒரு குலத்தை மட்டும் வேரறுக்கும் தெய்வத்துக்குச் சமாதானமாகச் சொல்கிறார்கள். இன்னாரை விடுவது, இன்னாரைக் கொல்வது என்று தேர்ந்தெடுத்துவிட்டால் அது தண்டனை. தண்டனைக்கு நியாயம் கேட்கப்படும்.

நம் முன்னோர் கேட்டார்கள். முப்புரம் என்றும் மூவெயில் என்றும் சொல்லப்படும் அசுரர்களின் மூன்று கோட்டைகளைச் சிவன் எரித்த கதை புறநானூற்றிலேயே உண்டு. ஆனால் சுந்தரர் திருப்புன்கூர்ப் பதிகத்தில் அந்தத் தீயிலிருந்து உய்ந்த மூவரை நினைவுகூர்ந்து, இருவரைத் தன் கோயில் வாயிலுக்குக் காவலராக்கிய இறைவன், மற்றொருவனைத் தன் நடனத்துக்கு முழவு முழக்க வைத்தான் என்று பாடுகிறார். திருமூலரோ, முப்புரம் செற்றான் என்பவர்களை மூடர் என்றே சொல்லி, முப்புரமாவது மும்மல காரியம், அதாவது உயிரைப் பற்றிய ஆணவம், கன்மம், மாயை என்னும் அழுக்குகளின் செயல் என்று பொருளையே உள்முகமாகத் திருப்பிவிடுகிறார். பக்தியில் ஊறிய அவர்களுக்கே அந்த நெருப்பை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை. கணவனை இழந்த கண்ணகியும் தீக்கடவுளிடம், பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழவி ஆகியோரைக் கைவிட்டுத் தீத்திறத்தார் பக்கமே சேர்க என்று ஆணையிடுகிறாள். அத்தனை சினத்திலும் குழந்தைகளை மறக்காத அந்த வரியை வகுப்பில் வாசிக்கும்போதெல்லாம் எனக்குக் குரல் கம்மும்.

எல்லாவற்றையும்விடக் கடுமையான பாடம் காண்டவ தகனம். அக்கினியின் பசி தீரக் கண்ணனும் அர்ச்சுனனும் ஒரு காட்டையே எரித்தார்கள். தப்ப முயன்ற உயிர்களையும் விடவில்லை. பாரதம் இதைப் புகழ்ந்து சொன்னாலும், கணக்கை மூடிவிடவில்லை. அந்தத் தீயில் பிழைத்த அசுரச் சிற்பி மயன் பாண்டவர்களுக்குக் கட்டிய மண்டபத்தில் துரியோதனன் வழுக்கி அவமானப்பட்டதிலிருந்து சூதாட்டம் வரை ஒரு வழி செல்கிறது. அந்தக் காட்டில் தாயை இழந்து தப்பிய நாகன் அசுவசேனன், பல ஆண்டுகளுக்குப் பிறகு கர்ணனின் அம்பில் ஏறி அர்ச்சுனனின் தலையைத் தேடி வருகிறான். எரித்தவன் கடவுளே ஆனாலும், எரிந்தவர்களின் பிள்ளைக்கு அந்தக் காவியத்தில் இடம் இருக்கிறது.

எங்கள் வட ஆர்க்காட்டுப் பகுதியின் திரௌபதி அம்மன் திருவிழாக்களில் இதைக் கண்ணால் காணலாம். பாரதப் போரின் முடிவை நடித்துக் காட்டும் படுகளத்தன்று மண்ணால் வனைந்த துரியோதனன் வீழ்கிறான், அம்மன் கூந்தல் முடிகிறாள், ஊரே நிம்மதி கொள்கிறது. ஆனால் அதே களத்தில் அவனுக்காக ஒப்பாரி வைக்கும் பெண் வேடமும் வருகிறது. அம்மனுக்கு நோன்பிருந்து வந்த பெண்களும் அப்போது கண் கலங்குவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அவன் தண்டனைக்குரியவன் என்பதில் அவர்களுக்கு ஐயமில்லை.

மிகுபுனைவு எழுதுபவருக்குப் பொறுப்பு இன்னும் கூடுதல் என்பேன். பழைய கதையைச் சொல்பவருக்குக் கிடைத்த கதை ஒன்று உண்டு. இவரோ உலகத்தையே தாம் படைக்கிறார். அந்நகரில் குழந்தைகளே இல்லை என்றோ, அங்குள்ள அனைவரும் பிறவியிலேயே தீயவர் என்றோ எழுதிக்கொள்வது அவர் கையில் இருக்கிறது. அப்படி எழுதிவிட்டு, தெய்வம் நல்லதைத்தான் செய்தது என்று வாதிடுவது, சாட்சிகளை அப்புறப்படுத்திவிட்டு வழக்கில் வென்றதாகச் சொல்வதாகும்.

இப்போது எங்கள் ஊர்ப் பிள்ளைகள் சிலர் என்னிடம் கதை எழுதிப் பழகுகிறார்கள். ஒரு மாணவி, பாவம் மிகுந்த ஊரை நதித்தெய்வம் ஒரே இரவில் மூழ்கடிப்பதாக எழுதி வந்தாள். 1903இல் பாலாற்று வெள்ளம் வாணியம்பாடியில் எத்தனையோ பேரை அடித்துச் சென்றதை அவளுக்குச் சொல்லி, உன் ஊரில் யார் யார் குடியிருந்தார்கள் என்று மட்டும் கேட்டேன். அடுத்த வாரம் அவள் திருத்திக் கொண்டுவந்த கதையில், வெள்ளத்துக்கு முதல் நாள் தெய்வம் கிழவி வேடத்தில் வீடு வீடாகச் சென்று கதவைத் தட்டியது. இரண்டு வீடுகள் திறக்கவில்லை. அந்த இரண்டு வீடுகளில் இருந்தவர்களின் பெயர்களையும் அவள் எழுதியிருந்தாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.