டோல் இல்லாத எம்.ஆர்.ஆர்.2 சாலையிலும் இலவச மீட்பு ரோந்து வேண்டி அளிக்கப்படும் கோரிக்கை மனு

பெறுநர்:
மாண்புமிகு பொதுப்பணி அமைச்சர் அவர்கள்,
பொதுப்பணி அமைச்சு,
ஜாலான் சுல்தான் சலாஹுடின், கோலாலம்பூர்.

அனுப்புநர்:
பத்துமலை, கோம்பாக், செத்தாப்பாக், அம்பாங் வட்டாரக் குடியிருப்பாளர்கள்.

பொருள்: நெரிசல் நேரங்களில் பழுதாகி நிற்கும் வாகனங்களுக்குக் கட்டணமில்லா உதவி.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

வேலைக்கும் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும், கோலாலம்பூரைச் சுற்றிச் செல்லும் இரண்டாம் நடு வட்டச் சாலையான எம்.ஆர்.ஆர்.2 சாலையையே நம்பியிருப்பவர்கள் நாங்கள். அச்சாலையில் காலையிலும் மாலையிலும் பழுதாகி நிற்கும் வாகனங்களைக் கட்டணமின்றி அப்புறப்படுத்தவும், தவித்து நிற்கும் ஓட்டுநர்களுக்கு அந்த இடத்திலேயே உதவவும், நிரந்தர ரோந்துச் சேவை ஒன்றைத் தங்கள் அமைச்சு தொடங்க வேண்டுமென இம்மனுவின் வழி கேட்டுக்கொள்கிறோம்.

இந்த ஏற்பாடு நம் நாட்டுக்குப் புதியதல்ல. வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் கார் நின்றுவிட்டால், அச்சாலையை நடத்தும் பிளஸ் நிறுவனத்தின் ரோந்து வாகனம் வருகிறது. பின்னால் வருவோரை எச்சரிக்கக் கூம்புகள் வைக்கப்படுகின்றன. வண்டி கிளம்பவில்லை என்றால் அருகிலுள்ள டோல் சாவடிக்கோ வேறு பாதுகாப்பான இடத்துக்கோ காசு வாங்காமல் இழுத்துச் செல்லப்படுகிறது. கிள்ளான் பள்ளத்தாக்கின் மற்ற டோல் சாலைகளிலும் இதுபோன்ற ரோந்துக் குழுக்கள் உண்டு. கோம்பாக்கில் காராக் நெடுஞ்சாலை, அம்பாங்கில் உயர்மட்ட விரைவுச்சாலை ஆகிய டோல் சாலைகள் எம்.ஆர்.ஆர்.2-ஐச் சந்திக்கின்றன. டோல் சாலையில் பழுதான காருக்கு உதவி கிடைக்கிறது. அதே கார் சந்திப்பைத் தாண்டி எம்.ஆர்.ஆர்.2-இல் ஏறிய பிறகு நின்றுபோனால், யாரை அழைப்பது என்பதே எங்களில் பெரும்பாலோருக்குத் தெரிவதில்லை. எங்களில் பலரும் சாலைவரி கட்டித்தான் இந்தச் சாலைக்கு வருகிறோம். ஆயினும் டோல் சாவடி இருக்கும் சாலையில் மட்டுமே மீட்பு வண்டியை எதிர்பார்க்க முடிகிறது.

டோல் கட்டணத்தை மிச்சப்படுத்தவே பலர் எம்.ஆர்.ஆர்.2 வழியாகச் செல்கிறார்கள் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். பழைய கார் வைத்திருப்பவர்கள், கிராப் வாடகைக் கார் ஓட்டுபவர்கள், சிறு வேனில் பொருள் ஏற்றி விற்பவர்கள், மோட்டார்சைக்கிளில் ஷிப்ட் வேலைக்குப் போகிறவர்கள் ஆகியோர் இவர்களில் அதிகம். முழுக் காப்புறுதி எடுத்தவர்களுக்கு வண்டியை இழுத்துச் செல்லும் சேவை பெரும்பாலும் அதிலேயே அடங்கிவிடுகிறது. மூன்றாம் தரப்புக் காப்புறுதியோடு பழைய கார் ஓட்டுபவருக்கு அந்த வசதி அநேகமாகக் கிடைப்பதில்லை. வழியில் நின்றுபோகும் வாய்ப்பு அதிகமுள்ள வண்டிகளுக்கே உதவி குறைவாக இருக்கிறது.

அந்தச் சாலையில் ஒரு கார் நின்றால் என்ன நடக்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டுகிறோம். எம்.ஆர்.ஆர்.2-இன் பல பகுதிகளில், குறிப்பாக மேம்பாலங்களில், ஒதுங்கி நிற்க அவசரத் தடம் கிடையாது. நின்ற வண்டி தடத்திலேயே நிற்கிறது. மூன்று தடங்களில் வந்தவர்கள் இரண்டு தடங்களில் நெருக்கியடிக்க வேண்டியிருக்கிறது. கனரக லோரிகள் கடைசி நொடியில் விலகுகின்றன. அவற்றுக்கிடையே மோட்டார்சைக்கிள்கள் நுழைகின்றன. ஓட்டுநர் எச்சரிக்கை முக்கோணத்தை எடுத்துக்கொண்டு பின்னால் நடந்தால் அவர் உயிருக்கு ஆபத்து. வைக்காமல் காருக்குள் உட்கார்ந்திருந்தாலும் ஆபத்துதான். இத்தகைய இடங்களில் நாங்கள் மிகவும் அஞ்சுவது, நின்ற காரின் மீது பின்னால் வருபவர் வந்து மோதும் இரண்டாவது விபத்தையே. மழை பெய்தால் நிலைமை இன்னும் மோசம்: மேம்பாலங்களின் கீழ் ஒதுங்கி நிற்கும் மோட்டார்சைக்கிளோட்டிகளுக்குப் பக்கத்திலேயே பழுதான காரும் நிற்க நேர்கிறது.

இத்தனைக்கும் பெரும்பாலும் காரணம் சிறியது. பேட்டரி இறங்கியிருக்கும், டயர் பஞ்சராகியிருக்கும், நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து ரேடியேட்டர் கொதித்திருக்கும், அல்லது பெட்ரோல் தீர்ந்திருக்கும். பேட்டரிக் கம்பியும் ஜேக்கும் ஒரு கலன் தண்ணீரும் கையில் உள்ள பயிற்சி பெற்ற ஒருவர் வந்தால் இவற்றில் பலவற்றைச் சில நிமிடங்களில் சரிசெய்துவிட முடியும். அந்த ஒருவர் இல்லாததால் செத்தாப்பாக்கிலிருந்து செலாயாங் வரை வாகனங்கள் தேங்கி நிற்கின்றன. இந்தச் சாலை அடைபட்டால் என்ன ஆகும் என்பதை எங்களுக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை; 2006-இல் விரிசல் காரணமாகக் கெப்போங் மேம்பாலம் மூடப்பட்டிருந்த காலத்தில் சுற்றியுள்ள தாமான்களின் (குடியிருப்புப் பகுதிகளின்) உட்சாலைகள் எல்லாம் பட்ட பாட்டை நாங்கள் மறக்கவில்லை.

அடுத்ததாக, இழுவை லோரிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நேர்மையாகத் தொழில் செய்வோர் பலர் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்வது எங்கள் நோக்கமன்று. ஆனால் நாம் அழைக்காமலே வந்து நிற்கும் ‘தொந்தோ’ எனப்படும் இழுவை லோரித் தரகர்களையும் இச்சாலையில் போகிறவர்கள் அறிவார்கள். கட்டணம் எவ்வளவு என்று சொல்வதற்கு முன்பே கொக்கி மாட்டப்படுகிறது. வண்டி ஓட்டுநருக்குத் தெரியாத பட்டறைக்குப் போகிறது. மீட்கச் சென்றால் நிறுத்திவைத்ததற்கும் ஒரு தொகை கேட்கப்படுகிறது. இரவு நேரத்தில் தனியாக நிற்கும் பெண்ணோ, கைக்குழந்தையோடு இருக்கும் குடும்பமோ அந்த நேரத்தில் பேரம் பேச முடியாது. அரசாங்கச் சின்னத்தோடும் சீருடையோடும் ஒரு வண்டி முதலில் வந்து நின்றாலே இந்தப் பிரச்சினையில் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

பிற நாடுகள் இதைச் செய்து காட்டியிருக்கின்றன. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் விரைவுச்சாலைகளில் 1991-இல் இத்தகைய ரோந்துச் சேவை தொடங்கப்பட்டுப் பின்னர் மாநிலத்தின் பிற பெருநகரப் பகுதிகளுக்கும் விரிந்தது. அங்கு மாநிலப் போக்குவரத்துத் துறையும் நெடுஞ்சாலைப் போலீசும் வட்டாரப் போக்குவரத்து அமைப்புகளும் சேர்ந்து அதை நடத்துகின்றன. இழுவை லோரிகள் தனியாருடையவை. ஒப்பந்த அடிப்படையில், எத்தனை வண்டிகளை இழுத்தார்கள் என்று பாராமல், பணிபுரிந்த மணிக்கணக்குக்கு ஊதியம் தரப்படுகிறது. ஆகவே தேவையில்லாத வண்டியை இழுத்துப் போவதில் ஓட்டுநருக்கு ஆதாயம் எதுவும் இல்லை. டயர் மாற்றுகிறார்கள், பேட்டரிக்கு உயிர் கொடுக்கிறார்கள், கொஞ்சம் பெட்ரோல் ஊற்றித் தருகிறார்கள். முடியாவிட்டால் சாலைக்கு வெளியே குறித்துவைத்த இடத்தில் வண்டியைக் கொண்டுபோய் விடுகிறார்கள். எந்தப் பட்டறைக்கும் சிபாரிசு செய்வதில்லை, அன்பளிப்பும் வாங்குவதில்லை. அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம்: அண்டை நாடான சிங்கப்பூரில் விரைவுச்சாலையில் பழுதாகும் வாகனத்தை அந்நாட்டுத் தரைவழிப் போக்குவரத்து ஆணையத்தின் மீட்புச் சேவை அருகிலுள்ள குறிப்பிட்ட கார் நிறுத்துமிடம் வரை இலவசமாக இழுத்துச் சென்று விடுகிறது.

அதே முறையை இங்கு அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. பத்துமலை சுற்றுச்சந்திப்பிலிருந்து அம்பாங் வரையிலான பகுதியில், வேலை நாள்களின் காலை, மாலை நெரிசல் நேரங்களுக்கு மட்டும், முதலில் சோதனை முறையில் ஆறு மாதங்களுக்கு இச்சேவையை நடத்திப் பார்க்குமாறு கேட்கிறோம். தைப்பூச நாள்களில் பத்துமலைக்கு வரும் கூட்டத்தைக் கருத்தில் கொண்டு அந்த நாள்களில் நேரத்தை நீட்டித்தால் பேருதவியாக இருக்கும். ரோந்து வாகனங்களில் ஒன்றாவது மோட்டார்சைக்கிளை ஏற்றிச் செல்லும் சாய்தளத்தோடு இருக்க வேண்டும். காருக்கு மட்டும் உதவும் சேவை இந்தச் சாலைக்குப் பாதிச் சேவைதான். அழைக்க ஒரே ஓர் எண் போதும், ஆனால் அது சாலையெங்கும் பெரிய எழுத்தில் தெரிய வேண்டும். கூடவே விளக்குக் கம்பங்களில் இட எண்களும் வேண்டும். ஏனெனில் பதற்றத்தில் இருப்பவருக்குத் தாம் எந்த மேம்பாலத்தின் மேல் நிற்கிறோம் என்பதைக்கூடச் சொல்லத் தெரியாது. அவசர உதவி எண்ணான 999-ஐ அழைத்தாலும் இதே சிக்கல்தான்.

இங்கே நிர்வாக எல்லைச் சிக்கல் ஒன்றும் இருக்கிறது. எம்.ஆர்.ஆர்.2 கூட்டரசுச் சாலை. ஆனால் அது கோலாலம்பூருக்குள்ளும் சிலாங்கூருக்குள்ளும் மாறி மாறிப் போகிறது. ஒரு பகுதி மாநகராண்மைக் கழகத்தின் எல்லையில், மற்றொன்று செலாயாங்கில், இன்னொன்று அம்பாங் ஜெயாவில் இருக்கிறது; போலீஸ் வட்டாரங்களும் அவ்வாறே மாறுகின்றன. எல்லைக்கோட்டில் ரோந்து வண்டி திரும்பிவிட்டால் பயனில்லை. பொதுப்பணி இலாகா, மலேசிய நெடுஞ்சாலை வாரியம், ஊராட்சி மன்றங்கள், போக்குவரத்துப் போலீஸ் ஆகியோரை ஒரே மேசையில் அமர்த்தும் அதிகாரம் தங்கள் அமைச்சிடமே இருப்பதால்தான் இம்மனுவை மாநகராண்மைக் கழகத்துக்கு அனுப்பாமல் தங்களுக்கு அனுப்புகிறோம்.

இலவசம் என்றால் மக்கள் வண்டியைப் பராமரிக்காமல் விட்டுவிடுவார்கள் என்று சிலர் சொல்லக்கூடும். நெரிசலில் நின்று எல்லாருடைய ஹாரன் சத்தத்தையும் கேட்க எவரும் விரும்பிப் போவதில்லை. மேலும், வண்டியைப் பாதுகாப்பான இடத்துக்கு அகற்றுவது மட்டுமே இலவசம். பழுதுபார்க்கும் செலவு வண்டிக்காரருடையதே. செலவைப் பொறுத்தவரை, முழுநேர அரசு ஊழியர்களையும் புதிய லோரிகளையும் ஏற்பாடு செய்வதைவிட, உரிமம் பெற்ற வட்டார இழுவை நிறுவனங்களை மணிக்கணக்கில் ஒப்பந்தம் செய்வது சிக்கனமாக இருக்கும் என்பது எங்கள் கருத்து. நேர்மையாகத் தொழில் செய்பவர்களுக்கு அது நிலையான வருமானத்தையும் தரும்.

வாகனங்கள் அடிக்கடி பழுதாகி நிற்கும் இடங்களையும் ஒதுங்கவே வழியில்லாத மேம்பாலப் பகுதிகளையும் குறித்து வரைபடம் ஒன்றைத் தயாரித்து வருகிறோம். தங்கள் அதிகாரிகள் ஒரு நாள் மாலை நேரத்தில் எங்களோடு நேரில் வந்து பார்வையிட்டால் அதை அவர்களிடமே ஒப்படைப்போம். அதற்கான நாளையும், இம்மனு குறித்த தங்கள் முடிவையும் எழுத்துமூலம் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பத்துமலை, கோம்பாக், செத்தாப்பாக், அம்பாங் வட்டாரக் குடியிருப்பாளர்கள்
(கையொப்பங்கள் தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன)

நகல்:
டத்தோ பண்டார், கோலாலம்பூர் மாநகராண்மைக் கழகம்
தலைமை இயக்குநர், மலேசிய நெடுஞ்சாலை வாரியம்