பவர்னா எந்த பவர்னு எழுதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

திருநெல்வேலி மாவட்டத்துல ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில தமிழ் மீடியம் பசங்களுக்கு இயற்பியல் எடுக்குறேன். நம்ம பேப்பர்ல மின்சாரம் பத்தி வர்ற செய்தி ஒண்ணையும் விடமாட்டேன், பல நாள் வகுப்புலயே வாசிக்க வைப்பேன். அதனால ஒரு விஷயம் ரொம்ப நாளா உறுத்திக்கிட்டே இருக்கு. "தினமும் 1,000 மெகாவாட் மின்சாரம் உற்பத்தி"ன்னு அடிக்கடி போடுறீங்களே, அது தப்புங்க. எழுத்துப்பிழை மாதிரி கண்டுக்காம விட்டுடலாம்னு நினைக்காதீங்க, அந்த வாக்கியத்துக்கு அர்த்தமே கிடையாது. ஒரு பஸ் இன்னிக்கு 60 கிலோமீட்டர் வேகத்துல ஓடுச்சுன்னு மட்டும் சொன்னா அது எவ்வளவு தூரம் போச்சுன்னு யாருக்காவது தெரியுமா? மெகாவாட்ங்கிறது அந்த வேகம் மாதிரி. எவ்வளவு கரண்ட் உற்பத்தியாச்சு, எவ்வளவு செலவாச்சுங்கிறதுக்கு யூனிட் தான் கணக்கு.

இந்தக் குழப்பத்துக்கு ஊத்துக்கண் இங்கிலீஷ்ல இருக்குற பவர்ங்கிற ஒத்தை வார்த்தை. லத்தீன்ல "முடியும், இயலும்"ங்கிற பொருள்ல இருந்த சொல்லு, பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்கு வந்து சேர்ந்துச்சு. அங்க அது ராஜாவோட அதிகாரத்துக்கும் பேராச்சு, ஒரு நாட்டுக்கே பேராச்சு (ரெண்டாம் உலகப் போர்ல நாம அச்சு நாடுகள்னு சொல்றதை அவங்க ஆக்சிஸ் பவர்ஸ்னு தான் சொல்றாங்க), கணக்குல 2-ஐ 10 தடவை பெருக்கினா 1,024 வருதே அந்த அடுக்குக்கும் பவர், கண்ணாடி லென்சுக்கும் பவர், இப்ப கரண்டுக்கும் பவர். இங்கிலீஷே தாய்மொழியா இருக்குறவனுக்கு பேச்சோட போக்குலயே எந்த பவர்னு புரிஞ்சிடும். நாம அந்த வார்த்தையை மட்டும் அப்படியே எடுத்துக்கிட்டோம், அதோட அர்த்தங்களைப் பிரிச்சு எடுத்துக்கல. பவர் கட், பவர் பத்திரம், பவர் பிளே, பவர் பேங்க்னு எல்லாம் ஒரே மூட்டையில கிடக்கு. பவர் பேங்க்ல நாம சேமிச்சு வைக்கிறது கூட பவர் இல்ல, ஆற்றல்.

எங்க பாடப்புத்தகத்துல இதுக்கெல்லாம் தனித்தனியா சொல்லு இருக்கு. ஆற்றல் வேற, திறன் வேற, விசை வேற. ஒரு நொடியில எவ்வளவு வேலை நடக்குதுங்கிறது திறன், மொத்தத்துல எவ்வளவு செலவாச்சுங்கிறது ஆற்றல். ஜேம்ஸ் வாட் நீராவி எஞ்சினை விக்கப் போன காலத்துல ஜனங்க குதிரையை வச்சு தான் வேலை வாங்கிட்டு இருந்தாங்க, அதனால என் எஞ்சின் இத்தனை குதிரைக்குச் சமம்னு காட்ட ஒரு அளவை வச்சாரு, 1 நிமிஷத்துக்கு 33,000 அடி-பவுண்டு வேலைன்னு. அந்த "1 நிமிஷத்துக்கு" தான் உயிர், அதை எடுத்துட்டா ஒண்ணும் மிஞ்சாது. இன்னிக்கு நம்ம ஊர் கிணத்துல ஓடுற 5 எச்.பி (ஹார்ஸ் பவர்) மோட்டார்ல இருக்குறதும் அதே குதிரை தான், 1 எச்.பி 746 வாட். மோட்டார் 5 எச்.பி-ன்னு தெரிஞ்சா மட்டும் கரண்ட் செலவு தெரிஞ்சிடாது, எத்தனை மணி நேரம் ஓடுச்சுன்னும் தெரியணும்.

வீட்டுல பாருங்க. 1,000 வாட் அயர்ன் பாக்ஸ் சூடாகிட்டே 1 மணி நேரம் இருந்தா 1 யூனிட். 9 வாட் எல்.ஈ.டி பல்பு அதே 1 யூனிட்டைத் தின்ன 111 மணி நேரம் எரியணும். மீட்டர்ல ஓடுற எழுத்தை உத்துப் பார்த்தா கே.டபிள்யூ.எச்-னு (கிலோவாட் ஹவர்) வரும், கடைசியில நிக்கிற அந்த எச் மணி நேரம். அதை விட்டுட்டு வெறும் கே.டபிள்யூ-ன்னு வாசிச்சா கதையே வேற. பசங்க கிட்ட அவங்கவங்க வீட்டு மீட்டரைப் பார்த்து எழுதிட்டு வரச் சொன்னா பாதிப் பேர் எச்-ஐ விட்டுட்டு தான் வருவாங்க, ஏன்டான்னு கேட்டா "பேப்பர்ல அப்படித்தான சார் போட்டிருக்கு"ங்கிறான். அவனுக்கு நான் என்ன பதில் சொல்றது?

இது பரீட்சை மார்க்கோட முடியற விஷயம்னா நான் லெட்டர் எழுதியிருக்க மாட்டேன். எங்க மாவட்டத்துல கூடங்குளம் இருக்கு. அங்க 1,000 மெகாவாட் (1 மெகாவாட்னா 1,000 கிலோவாட்) அணு உலை ஒண்ணு நாள் பூரா முழு அளவுல ஓடுனா 2 கோடியே 40 லட்சம் யூனிட் வரும். அந்த உலையையும் "முதல் யூனிட், ரெண்டாவது யூனிட்"னு எழுதுறீங்க, கரண்டையும் யூனிட்னு எழுதுறீங்க, ஒரே செய்தியில ரெண்டும் வந்தா படிக்கிறவங்க பாடு திண்டாட்டம் தான். உலையை உலைன்னே எழுதிடலாமே. இந்தப் பக்கம் கமுதியில 648 மெகாவாட் சோலார் பிளான்ட் இருக்கு. நம்பரை மட்டும் பார்த்தா அணு உலையில மூணுல ரெண்டு பங்கு பக்கம்னு தோணும். ஆனா சூரியன் ராத்திரி இருக்காது, காலையிலயும் சாயங்காலமும் சாஞ்சு அடிக்கும், மேகம் வரும். வருஷ சராசரி பார்த்தா ஒரு சோலார் பிளான்ட் அதோட முழு அளவுல அஞ்சுல ஒரு பங்கு சுத்தி தான் குடுக்கும். அப்போ அந்த 648 மெகாவாட், 24 மணி நேரமும் ஓடுற 130 மெகாவாட் மெஷின் ஒண்ணு குடுக்குற கரண்டைத் தான் குடுக்கும். சோலார் வேண்டாம்னு சொல்லவே இல்ல, நல்லா வரட்டும். ஆனா அணு உலை வேணுமா, சோலார் வேணுமா, அனல் வேணுமான்னு ஜனங்க முடிவு பண்ணணும்னா சரியான கணக்கு அவங்க கைக்கு வரணும் இல்லையா. முப்பந்தல்ல கரண்ட் எடுக்குற காத்தாடியும் இதே மாதிரி தான், மே மாசத்துல இருந்து செப்டம்பர் வரைக்கும் சுத்துறது வேற, மத்த மாசம் சுத்துறது வேற.

2024 மே 2-ஆம் தேதி தமிழ்நாட்டு மின் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டுச்சு. அது அன்னிக்கு ஏதோ ஒரு நேரத்துல ஏறின உச்சம், அந்த நேரத்துல அத்தனை மெஷினும் தயாரா இருந்தாகணும். அதுக்கு ரெண்டு நாள் முன்னாடி ஏப்ரல் 30-ல ஒரே நாள் செலவு 45 கோடி யூனிட்டைத் தாண்டுச்சு, அது நிலக்கரி எவ்வளவு எரியுது, மின் வாரியத்துக்கு எவ்வளவு பணம் போகுதுங்கிற கணக்கு. சாயங்காலம் ஆளாளுக்கு ஏ.சி போடாம கொஞ்சம் தள்ளிப் போட்டா உச்சம் குறையும், யூனிட் அவ்வளவா குறையாது. பகல்ல சோலார் கூடினா நிலக்கரியில இருந்து வர்ற யூனிட் குறையும், ராத்திரி உச்சம் அப்படியே நிக்கும். இந்த ரெண்டையும் கலந்துட்டா மின்வெட்டு ஏன் வருதுன்னே யாருக்கும் விளங்காது.

வீட்டு மாடியில சோலார் போடுறவங்க தான் இதுல நேரடியா அடிபடுறாங்க. மத்திய அரசோட சூரிய வீடு திட்டத்துல 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபா மானியம்னு கேட்டதும் நிறைய பேர் கிளம்பிட்டாங்க, நல்லது தான். ஆனா 3 கிலோவாட்னா என்னன்னு யாரும் சொல்றதில்ல. நம்ம வெயிலுக்கு 1 கிலோவாட் பேனல் ஒரு நாளைக்கு சுமார் 4 யூனிட் தரும், 3 கிலோவாட்னா 12 யூனிட் பக்கம், ரெண்டு மாசத்துக்கு 700 யூனிட் சுத்தி. இதைத் தன்னோட ரெண்டு மாச பில்லுல இருக்குற யூனிட்டோட ஒப்பிட்டுப் பார்த்துட்டு தான் ஒரு குடும்பம் கடன் வாங்கலாமா வேண்டாமான்னு முடிவு பண்ணணும். விக்க வர்றவங்க கிலோவாட்டை மட்டும் சொல்லிட்டுப் போயிடுறாங்க, பேப்பர்லயும் அதுவே வந்தா அவங்க வேற எங்க போய்க் கேப்பாங்க.

கரண்டை விட்டுட்டு இன்னும் ரெண்டு பவர் பத்தியும் சொல்லிடுறேன்.

"உனக்கு பவர் இருக்கா?"ன்னு கண்ணாடிக் கடையில கேட்டா பார்வையில குறை இருக்கான்னு அர்த்தம். அந்தப் பவர் லென்சோடது, கண்ணோடது இல்ல. மைனஸ் 2 பவர் உள்ள பையனுக்கு கண்ணாடி இல்லாம அரை மீட்டர் தூரம் வரைக்கும் தான் தெளிவாத் தெரியும், அந்தக் குறையைச் சரிக்கட்ட லென்ஸ் ஒளியை எவ்வளவு வளைக்கணுமோ அது தான் அந்த 2. இது தெரியாம "கண்ணாடி போட்டா பவர் ஏறிடும்"னு போட விடாத பெத்தவங்க இன்னும் இருக்காங்க. கடைசி பெஞ்ச்சுல போர்டைப் பார்க்காம பக்கத்துப் பையன் நோட்டைப் பார்த்தே எழுதிக்கிட்டு இருப்பான், நாம சோம்பேறின்னு திட்டிட்டுப் போயிடுவோம். உங்க மருத்துவப் பக்கத்துல இதை ஒரு வாரம் பெருசாப் போடுங்க சார்.

அடுத்தது பவர் பத்திரம். ஞாயித்துக்கிழமை வர்ற மனை விளம்பரங்களைப் பார்க்குறப்போ பயமா இருக்கு. பவர் எழுதிக் குடுக்குறதுன்னா எனக்குப் பதிலா நீ போய் கையெழுத்துப் போடுன்னு அனுமதி குடுக்குறது, அவ்வளவு தான். அதை வச்சுக்கிட்டு இடம் எனக்குச் சொந்தம்னு சொல்ல முடியாது, வெறும் பொது அதிகார ஆவணத்தால சொத்து கை மாறாதுன்னு உச்ச நீதிமன்றம் 2011-லயே தெளிவா சொல்லிடுச்சு. எழுதிக் குடுத்தவர் செத்துட்டா சாதாரணமா அந்த பவரும் அதோட போச்சு. ஆயுசு பூரா சேர்த்த காசைப் போட்டுட்டு "பவர் என் கையில இருக்கு"ன்னு நம்பிட்டு இருக்குறவங்களுக்கு அந்த வார்த்தையே ஒரு தெம்பு மாதிரி கேக்குது. இந்த விளம்பரங்களுக்குக் கீழயாவது, கிரயப் பத்திரம் பதிவாகாம இடம் உங்க பேருக்கு வராதுன்னு ஒரு வரி சேர்த்துப் போடுங்க.

கரண்ட் செய்திக்கு நான் கேக்குறது ரொம்ப சின்னது. மெகாவாட் வந்தா அது நிறுவுன அளவா, அந்த நேரத்து உற்பத்தியான்னு சொல்லுங்க. கூடவே ஒரு நாளைக்கு எத்தனை லட்சம் யூனிட்னு ஒரு நம்பர் சேர்த்துப் போடுங்க. வரப்போற காத்து சீசன் செய்தியில இருந்தே ஆரம்பிச்சீங்கன்னா எங்க பசங்க அதை வெட்டி வகுப்புச் சுவத்துல ஒட்டிடுவாங்க.

இப்படிக்கு,
ஒரு இயற்பியல் ஆசிரியர்,
திருநெல்வேலி மாவட்டம்.