வாய் திறக்காத மாடி வீட்டுக்காரர்

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. பேத்தியின் காதுகுத்து நல்லபடியாக முடிந்ததில் மகிழ்ச்சி. மாடி வீட்டில் குடியிருப்பவர் வாடகையை உயர்த்தும் பேச்சுக்குப் பதிலே சொல்வதில்லை என்று எழுதியிருந்தாயே, அந்த விஷயத்துக்கு வருகிறேன்.

அவர் போனை எடுக்காததுகூடப் பரவாயில்லை. ஒப்பந்தம் ஏப்ரல் 30-ல் முடிந்தும் பழைய வாடகை ரூ.14,000 ஜிபேயில் வருகிறது, நீயும் பேசாமல் வாங்கிக்கொள்கிறாய். சிக்கல் அதில்தான். சொத்து மாற்றச் சட்டம் 116ஆவது பிரிவுப்படி, அப்படி வாங்கினால் குடித்தனம் மாதக் கணக்கில் தொடர்வதாக ஆகிவிடும். 2019 முதல் நடப்பில் உள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டமும் பழைய நிபந்தனைகளோடு அதிகபட்சம் ஆறு மாதம் ஓடவிடுகிறது. உன் கணக்கில் அக்டோபர் 31 வரை. இனிப் பணம் வரும் அன்றே, ‘பழைய வாடகைதான் வந்துள்ளது, ஒப்பந்தத்தைப் புதுப்பித்ததாக ஆகாது’ என்று எழுதி அனுப்பிவிடு.

அடுத்து, பழைய ஒப்பந்தத்தை எடுத்துப் பார். ‘புதுப்பிக்கும்போது 5 சதவீதம்’ என்று இருந்தால் ரூ.14,700 கேட்க உனக்கு உரிமை உண்டு. இல்லையென்றால் அவர் சம்மதிக்க வேண்டும். நீயாக ஏற்றிவிட முடியாது.

நீ அவருக்கு எழுதும் கடிதத்தில் இப்போதைய வாடகை, புதிய வாடகை, தொடங்கும் தேதி, பதிலுக்குக் கெடு எல்லாம் இருக்கட்டும். ‘கொஞ்சம் கூட்டித் தாருங்கள்’ என்ற இழுவை வேண்டாம். கணவனும் மனைவியும் கையெழுத்திட்டிருந்தால் இருவர் பெயருக்கும் அனுப்பு. பதிவுத் தபால் 2025-ல் ஸ்பீடு போஸ்டோடு சேர்ந்துவிட்டது. கவுண்டரில் பதிவு வசதியைக் கேட்டு வாங்கு. ‘வாங்க மறுத்தார்’ என்று உறை திரும்பினால் பிரிக்காதே, அப்படியே வை. சரியான முகவரிக்குப் போன உறைதான் உனக்குச் சாட்சி.

காலி செய்யச் சொல்வதென்றால் அது தனி நோட்டீஸ். மாத வாடகைக்குச் சொத்து மாற்றச் சட்டம் 106ஆவது பிரிவில் 15 நாள் அவகாசம். அவர் கையில் கொடுக்கலாம், வீட்டாரிடம் கொடுக்கலாம், இரண்டும் நடக்காவிட்டால் கதவில் ஒட்டலாம். வாடகை உயர்வையும் இதையும் ஒரே தாளில் எழுதிக் குழப்பாதே. அதற்கும் மசியவில்லையென்றால் வாடகை நீதிமன்றம்தான். மோட்டாரை நிறுத்துவது, ஃபியூஸைப் பிடுங்குவது போன்ற யோசனைகளை உன் மைத்துனர் சொல்வார், கேட்காதே. சட்டப்படி வழக்கு உன்மேல் திரும்பும்.

அவர் சம்மதித்தால் ஜூலை 1 முதல் பதினோரு மாதத்துக்கு எழுதி, வாடகை ஆணையத்தில் பதிந்து எண் வாங்கிவிடு. மே 31-ல் முடியும், பள்ளி விடுமுறை. ஆடியில் முடிகிற மாதிரி எழுதினால் எந்தக் குடித்தனக்காரரும் பெட்டியைக் கட்டமாட்டார்.

அன்புடன்,
ராமு