கப்பல் நமக்காகக் காத்திருக்காது என்பதை யார் சொல்லியிருக்க வேண்டும்?

வேலூர்,
9.6.2025

அனுப்புநர்:
பாத்திரக் கடை உரிமையாளர்,
லாங்கு பஜார், வேலூர்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
சுற்றுலா நிறுவனத் தலைமை அலுவலகம், சென்னை.

பொருள்: சிங்கப்பூர் – பினாங்கு – ஃபூக்கெட் கப்பல் பயணத்தில் ஃபூக்கெட் கரையில் ஏற்பட்ட பண இழப்பு, ஆபத்து – பணத்தைத் திருப்பிக் கேட்டல் தொடர்பாக.

ஐயா,

வணக்கம். மே மாதம் மூன்றாம் வாரம் உங்கள் வேலூர் கிளை மூலமாக நான், என் மனைவி, அம்மா, கல்லூரியில் படிக்கும் மகன், பத்தாம் வகுப்பு முடித்த மகள் ஆகிய ஐந்து பேரும் சிங்கப்பூரிலிருந்து கப்பலில் போய் வந்தோம். கப்பலைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. அறை சுத்தமாக இருந்தது, அம்மாவுக்குத் தயிர்சாதம்கூடக் கிடைத்தது. என் புகார், தாய்லாந்தின் ஃபூக்கெட் தீவில் இறங்கி ஏறிய அந்த ஒரு பகலைப் பற்றியது மட்டும்.

ஊர் திரும்பிய மறுநாளே உங்கள் கிளைக்கு நேரில் போய்ச் சொன்னேன். "வெளிநாட்டுக் கடற்கரையில் எவனோ ஏமாத்தினதுக்கு நாங்க என்ன சார் செய்ய முடியும்?" என்று பதில் வந்தது. அந்தப் பதில்தான் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது. ஏமாற்றியவன் மீதான புகாரை நான் உங்களிடம் கொண்டுவரவில்லை. உங்கள் மீதான புகாரைக் கொண்டுவந்திருக்கிறேன்.

முதலில் கடல் விஷயம். கத்திரி வெயிலில் வேலூரில் இருக்க முடியாமல்தான் மே மாதத்தில் கிளம்பினோம். எங்கள் ஊரைக் கேலி செய்பவர்கள் 'தண்ணீர் இல்லாத ஆறு' என்று பாலாற்றைச் சொல்வார்கள். எங்கள் வீட்டில் யாருக்கும் நீச்சல் தெரியாது, கடல் என்றால் மெரினாவில் கால் நனைத்ததோடு சரி. பயணத்துக்குப் பதிவு செய்யும்போதே இதை உங்கள் ஊழியரிடம் சொன்னேன். "பாதோங் கடற்கரை குளம் மாதிரி இருக்கும் சார்" என்றார். நீங்கள் அச்சடித்துக் கொடுத்த நிகழ்ச்சி நிரலிலும் 'கடல் குளியல்' என்று இருக்கிறது.

டிசம்பர், ஜனவரியில் அது குளம் மாதிரி இருக்கலாம். மே முதல் அக்டோபர் வரை அங்கே தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம். கேரளத்துக்கு மழை கொண்டுவரும் அதே காற்றுதான். ஃபூக்கெட்டின் மேற்குக் கரையில் அலை எழும்பும், கரையிலிருந்து உள்ளே இழுக்கும் நீரோட்டம் உருவாகும், சிவப்புக் கொடி ஏற்றுவார்கள். பாதோங் இருப்பது அந்த மேற்குக் கரையில். எங்கள் கப்பலோ தீவின் கிழக்குப் பக்கத் துறைமுகத்தில்தான் நின்றது. கப்பலே ஒதுங்கி நிற்கிற கடலில் நீச்சல் தெரியாத குடும்பத்தைக் குளிக்கச் சொல்லியிருக்கிறீர்கள்.

நாங்கள் போனபோது சிவப்புக் கொடிதான் பறந்தது. சிவப்பு மட்டும் என்றால் இறங்கக் கூடாது, சிவப்பும் மஞ்சளும் சேர்ந்த கொடி இரண்டு நட்டிருந்தால் அவற்றுக்கு நடுவில் காவலர் பார்வையில் குளிக்கலாம் என்பதெல்லாம் எனக்குக் கப்பலுக்குத் திரும்பிய பிறகுதான் தெரியும். உங்கள் டூர் மேனேஜருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவர், "முழங்கால் வரைக்கும் போங்க, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிவிட்டு எதிரே இருந்த ஏசி கடைக்குள் போய்விட்டார்.

அம்மாவுக்கு 68 வயது. கணுக்கால் அளவு தண்ணீரில்தான் நின்றிருந்தார். அலை வந்து திரும்பியபோது காலடி மணல் சரிந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். அடுத்த அலை அவரை இரண்டடி உள்ளே இழுத்தது. நானும் என் மனைவியும் எழுந்து ஓடுவதற்குள் அவர் கையைப் பிடித்துத் தூக்கியது யார் தெரியுமா? பத்து நிமிடத்துக்கு முன்னால் எங்களிடம் லுங்கி மாதிரியான துணி விற்க வந்து, நாங்கள் வேண்டாம் என்று அனுப்பிய அந்த ஊர் அம்மாள். தோளில் இருந்த துணிக்கட்டு மொத்தமும் ஈரமாகிவிட்டது. அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் கொடியைக் காட்டித் தலையை ஆட்டினார், அவ்வளவுதான். பிறகு அம்மா அவரிடம் இரண்டு துணி வாங்கினார். அவர் கால்குலேட்டரில் விலையைத் தட்டிக் காட்டுவார், அம்மா வாங்கி அதில் பாதியைத் தட்டிக் காட்டுவார், இருவரும் சிரிப்பார்கள். நேதாஜி மார்க்கெட்டில் முள்ளுக் கத்திரிக்காய் வாங்குவதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் ஒன்றும் எனக்குத் தெரியவில்லை.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. உங்கள் கிளையில், "அங்க விக்கிறவங்க எல்லாம் அப்படித்தான் சார்" என்றார்கள். நானும் கடை வைத்திருப்பவன், வெயிலில் நின்று விற்பவரை அப்படிப் பொத்தாம்பொதுவாகப் பேச மாட்டேன். கையில் கயிறு கட்டவும் தலை பின்னிவிடவும் வந்தவர்கள், வேண்டாம் என்று புன்னகையோடு சொன்னதும் போய்விட்டார்கள். பொருளைக் கையில் வாங்கிப் பார்த்தால்தான் பேரம் தொடங்கிவிட்டது என்று அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். நம் கடைத்தெருவிலும் அதுதானே வழக்கம்? என் மகள் தலை பின்னலுக்கு விலை பேசாமல் உட்கார்ந்து, எழும்போது கேட்ட தொகையைக் கொடுத்தாள். அது எங்கள் தவறு, அதை உங்கள் கணக்கில் எழுத மாட்டேன். 'மை ஆவ்' என்றால் தாய்லாந்து மொழியில் 'வேண்டாம்' என்று பொருள், ஆண்கள் மரியாதைக்கு 'க்ரப்' சேர்த்துச் சொல்ல வேண்டும், பெண்கள் 'கா' சேர்க்க வேண்டும் என்று கப்பலில் பரிமாறிய ஒரு பையன் சொல்லிக்கொடுத்தான். அதற்கே முகங்கள் மலர்ந்தன. ஒரு வரி. உங்கள் பன்னிரண்டு பக்கப் பயணக் கையேட்டில் அதற்கு இடமில்லை, கடைகளின் விளம்பரத்துக்கு நான்கு பக்கம் இருக்கிறது.

இப்போது ஜெட் ஸ்கி (கடலில் ஓட்டும் மோட்டார் வண்டி) விவகாரம்.

குளிக்க முடியாது என்றானதும் உங்கள் மேனேஜர் திரும்பி வந்து, "பசங்க சும்மா உட்கார்ந்திருக்காங்களே, நமக்குத் தெரிஞ்ச ஆள்தான்" என்று என் மகனை ஒரு ஜெட் ஸ்கிக்காரரிடம் அழைத்துப் போனார். அரை மணி நேரத்துக்கு 1,500 பாட் (தாய்லாந்துப் பணம்). அடமானமாகப் பாஸ்போர்ட் கேட்டிருக்கிறார்கள். பாஸ்போர்ட் கப்பல் அறை லாக்கரில் இருந்ததால் கப்பல் அட்டையைக் கொடுக்கச் சொன்னார் உங்கள் மேனேஜர். இருபது வயதுப் பையன், கொடுத்துவிட்டான். கப்பலுக்குள் நுழைவதற்கான அட்டை அது! அடமானமாகப் பணம் மட்டும் கொடு, பாஸ்போர்ட்டையோ கப்பல் அட்டையையோ ஒருநாளும் கொடுக்காதே என்று அங்கே பக்கத்தில் நின்று சொல்ல வேண்டியவர் அவர்தான்.

அவன் ஓட்டிவிட்டுக் கரைக்கு வந்ததும் இரண்டு பேர் வண்டியைச் சாய்த்து அடிப்பாகத்தைக் காட்டினார்கள். ஒரு சாண் நீளத்துக்குக் கீறல். 35,000 பாட் கொடு என்றார்கள்.

ஐயா, நான் முப்பது வருடமாகப் பழைய பாத்திரம் எடுத்துப் புதுசு கொடுக்கிறேன். ஒரு குடத்தின் ஒடுக்கு நேற்று விழுந்ததா, மாமியார் காலத்தில் விழுந்ததா என்று தடவிப் பார்த்தே சொல்வேன். அந்தக் கீறலையும் குனிந்து தடவிப் பார்த்தேன். ஓரம் மழுங்கி வழவழவென்று இருந்தது. பள்ளத்துக்குள் பச்சையாகப் பாசி படிந்து, நகத்தால் சுரண்டினால் வந்தது. அரை மணி நேரத்தில் எந்தக் கடலிலும் பாசி வளராது. இதைச் சொன்னேன், செய்தும் காட்டினேன். ஓட்டுவதற்கு முன் எடுத்த போட்டோ இருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை.

ஃபூக்கெட் ஜெட் ஸ்கியில் பழைய கீறலைக் காட்டிப் பணம் பறிப்பது இன்று நேற்று வந்த தந்திரம் இல்லை. பல வருடமாகச் சுற்றுலாத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் அறிந்த விஷயம். லாங்கு பஜாரில் உட்கார்ந்திருக்கும் எனக்குத் தெரியாமல் இருக்கலாம். அதே தொழிலில் பணம் வாங்குகிற உங்களுக்குத் தெரியாது என்றால் எப்படி நம்புவது?

அப்புறம் நேரம். கப்பலில் மாலை 4 மணிக்குள் இருக்க வேண்டும் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். தகராறு நடந்தபோது என் மகனின் செல்போனில் மணி 1.20. துறைமுகத்துக்கு வேனில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்றாலும் இன்னும் அவகாசம் இருக்கிறது, போலீஸைக் கூப்பிடலாம் என்றுதான் நினைத்தோம். அம்மா தன் பழைய எச்.எம்.டி. கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "ரெண்டு இருபது ஆச்சேப்பா" என்றார். சாவி கொடுத்து ஓடும் கடிகாரம். சிங்கப்பூரில் வைத்த நேரத்தை அது மாற்றவில்லை. கப்பலும் சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடியது. செல்போன்கள் மட்டும் கரை இறங்கியதும் தாய்லாந்து நேரத்துக்குத் தானாக மாறிவிட்டன. தாய்லாந்து, சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பின்னால். ஆக 4 மணி என்பது எங்கள் கையிலிருந்த போனுக்கு 3 மணி. இதை யாரும் சொல்லவில்லை. அந்த எச்.எம்.டி. இல்லாவிட்டால் நாங்கள் நிதானமாகப் பேசிக்கொண்டு நின்றிருப்போம், கப்பல் போயிருக்கும்.

அந்த இடத்தில்தான் உங்கள் மேனேஜர் ஒரு புதுச் செய்தி சொன்னார்: "சார், கப்பல் வெயிட் பண்ணாது, இது கப்பல்காரங்க டூர் இல்ல." கப்பலே நடத்தும் கரைச் சுற்றுலாவில் போனவர்கள் தாமதமானால் கப்பல் காத்திருக்கும், வெளியார் வேனில் போனவர்களுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. தவறவிட்டால் சொந்தச் செலவில் விமானம் பிடித்து அடுத்த துறைமுகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். எங்களுக்கு அது சிங்கப்பூர். பாஸ்போர்ட் ஐந்தும் கப்பலில்! நீங்கள் ஆளுக்கு 3,500 ரூபாய் வாங்கியபோது 'கப்பல் கரைச் சுற்றுலா' என்றுதான் ரசீது போட்டிருக்கிறீர்கள். அது உங்கள் சொந்த வேன் ஏற்பாடு என்று அதில் எங்கும் இல்லை.

கேட்பவனுக்கு அவசரமில்லை, கொடுப்பவனுக்கு அவசரம். இதில் பேரம் எங்கே நடக்கும்? 35,000 என்று தொடங்கியது 9,000 பாட்டில் நின்றது. "கொடுத்துடுங்க சார்" என்று உங்கள் ஆள் எங்கள் பக்கம் திரும்பித்தான் சொன்னாரே தவிர, "விட்டுடுங்க" என்று ஒருமுறைகூட அந்தப் பக்கம் திரும்பிச் சொல்லவில்லை. அந்தத் 'தெரிந்த ஆளுக்கும்' அவருக்கும் என்ன கணக்கு என்று எனக்குத் தெரியாது, நீங்கள் விசாரிக்கலாம். ஏ.டி.எம்.மில் எடுத்துக் கொடுத்தேன். நம் பணத்தில் ஏறக்குறைய 22,500 ரூபாய். கப்பல் அட்டை திரும்பக் கிடைத்தது. துறைமுகம் போய்ச் சேர்ந்தபோது அம்மாவின் கடிகாரத்தில் 3.50.

அன்றிரவு கப்பலின் வரவேற்பு மேசையில் விசாரித்தேன். தாய்லாந்தில் சுற்றுலாப் போலீஸ் என்று தனியாக இருக்கிறது, எண் 1155, ஆங்கிலத்தில் பேசலாம் என்றார்கள். கப்பல் அட்டை தொலைந்தாலும் பதிவிலுள்ள போட்டோவைப் பார்த்து வேறு அட்டை தருவார்களாம். அதாவது, அந்த அட்டையை அவனே வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டு நாங்கள் வந்திருக்கலாம். பிறகு நீங்கள் வாங்கிக் கொடுத்த பயணக் காப்பீட்டையும் எடுத்துப் படித்தேன். மோட்டார் பொருத்திய நீர் விளையாட்டுக்கு இழப்பீடு இல்லை என்று விலக்குப் பட்டியலில் தெளிவாக இருக்கிறது. பையனுக்கு அடிபட்டிருந்தால் மருத்துவச் செலவும் என் தலையில்தான். அவனை அதில் ஏற்றிவிட்டவர் உங்கள் சம்பளக்காரர்.

எனவே, ஜெட் ஸ்கிக்குக் கட்டாயத்தில் கொடுத்த 22,500 ரூபாயும், கரைச் சுற்றுலாவுக்கு ஐந்து பேருக்கு நீங்கள் வாங்கிய 17,500 ரூபாயும் ஆக 40,000 ரூபாயை, இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் என் வங்கிக் கணக்கில் செலுத்தக் கேட்டுக்கொள்கிறேன். ஜெட் ஸ்கி வாடகை 1,500 பாட்டை நான் கேட்கவில்லை, பையன் ஓட்டினான், சரி. ரசீது, நிகழ்ச்சி நிரல், ஏ.டி.எம். சீட்டு, கீறலை என் மகள் எடுத்த மூன்று போட்டோக்கள் ஆகியவற்றின் நகல்களை இணைத்திருக்கிறேன். மூன்றாவது போட்டோவைப் பெரிதாக்கிப் பாருங்கள், பாசி தெரியும்.

பதில் வராவிட்டால் வேலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் சேவைக் குறைபாடு என்று மனு கொடுப்பேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், இரண்டு வருட அவகாசம் உண்டு, 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமும் இல்லை என்று தெரிந்துகொண்டேன். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்து கேட்டும்விட்டேன். கோர்ட்டு வாசலில் நிற்பதில் எனக்கு ஆசை ஒன்றும் இல்லை, ஆடி மாதத்தில் கடையில் கூட்டமும் இருக்காது.

இன்னொன்று. அடுத்த மாதம் குடியாத்தத்திலிருந்து ஒரு குடும்பக் குழு இதே பயணத்துக்கு உங்கள் கிளையில் பணம் கட்டியிருக்கிறார்கள். அதில் இரண்டு பேர் என் வாடிக்கையாளர்கள். எனக்குப் பணம் அனுப்பத் தாமதமானாலும் அவர்களுக்குத் தமிழில் ஒரு தாள் அடித்து இப்போதே கொடுத்துவிடுங்கள்: கப்பல் நேரம் எது, கொடி என்ன நிறம், 1155, ஜெட் ஸ்கி வேண்டாம், வேன் யாருடையது. நீங்கள் கொடுக்காவிட்டால் நானே ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்துவிடுவேன். அதில் உங்கள் நிறுவனத்தின் பெயரும் இருக்கும்.

இப்படிக்கு,
(கையொப்பம்)