மருமகனும் ஆயிரம் மரபுத்தொடரும்

உப்புவெளி,
திருகோணமலை.

மச்சான்,

உன்ட கடிதங்கள் எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே பதில். திட்டுறதை நேரில வரேக்க திட்டு. இங்க எல்லாரும் சுகம்.

மருமகனுக்கு நிலாவெளி ஹோட்டல்ல ரிசெப்ஷன் வேலை கிடைச்சது பெரிய சந்தோசம். ஆனா ஆயிரம் இங்கிலிஷ் மரபுத்தொடர் இருக்கிற புத்தகம் ஒண்டை வாங்கிக் குடுத்து, நாளுக்கு 20 பாடமாக்கச் சொன்னதாக எழுதியிருக்கிறாய் பார், அதுக்காகத்தான் பேனையைத் தூக்கினன். நிப்பாட்டு. மழை பெய்யேக்க "ரெயினிங் கேட்ஸ் அண்ட் டோக்ஸ்" எண்டு சொல்ற வெள்ளைக்காரரைக் காண்றதே அருமை. பெடியன் சொன்னா முகத்துக்கு நேர சிரிப்பாங்க.

அவனை மடக்கப்போறது குட்டிக் குட்டிப் பேச்சு. "இன்னும் கொஞ்சம் டீ?" எண்டு கேட்டா "ஐ ஆம் குட்" எண்டு பதில் வரும். போதும், வேணாம் எண்டு அர்த்தம்; இவன் சந்தோசமா ஊத்திக்கொண்டு நிப்பான். "டூ யூ மைன்ட் இஃப் ஐ சிட் ஹியர்?" எண்டு கேட்டா, மரியாதைக்கு "யெஸ்" சொல்லித் துலைக்கக் கூடாது. ஆட்சேபணை இருக்கு, இங்க உட்காராதே எண்டு சொன்னதாகிப்போடும். "நொட் அட் ஓல்" எண்டு சொல்ல வேணும். இங்கிலாந்துக்காரர் "யூ ஓல்ரைட்?" எண்டு கேட்டுக்கொண்டு கடந்து போனா, அது சும்மா முகமன். "யா, யூ?" எண்டா முடிஞ்சுது. உன்னை மாதிரி நாரிப்பிடிப்பில தொடங்கி விளக்கம் குடுக்கப் போகாம இருக்கச் சொல்லு.

அவங்கட முறைப்பாடும் தணிவாத்தான் வரும். "த ரூம் இஸ் எ பிட் நொய்சி" எண்டா இரவு முழுக்க நித்திரை இல்லை எண்டும் இருக்கலாம். அந்த "எ பிட்"டை நம்பி சிரிச்சுக்கொண்டு நிக்காம உடனே வேற அறை இருக்கா எண்டு பார்க்க வேணும். "ஐ ஆம் நொட் பீயிங் ஃபனி, பட்" எண்டு ஆராவது தொடங்கினா, பின்னால வாறது பெரும்பாலும் குறைதான்.

நேரத்தில மட்டும் விளையாடக் கூடாது. புறாத்தீவுக்குப் படகு கேட்டு இங்கிலாந்துக்காரர் "ஹாஃப் செவன்" எண்டா 7.30. ஜெர்மன்காரருக்கு அவங்கட பாஷையில அதே பேச்சு 6.30; சிலர் அதை அப்பிடியே இங்கிலிஷில சொல்லிப்போடுவாங்க. ஆர் சொன்னாலும் "சிக்ஸ் தேர்ட்டியா, செவன் தேர்ட்டியா?" எண்டு கேட்டு, கடதாசியில எழுதிக் காட்ட வேணும். படகுக்காரன் ஒரு மணித்தியாலம் வெயிலுக்க நிண்டா இங்கிலிஷில ஏசமாட்டான்.

கிரிக்கெட் தெரிஞ்ச பெடியனுக்குச் சிலது சும்மா வரும். "ஒன் த பேக் ஃபுட்" எண்டா பின்வாங்கின நிலை, அதை அவனுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஆனா "ஹி ஹேட் எ குட் இன்னிங்ஸ்" எண்டு ஆராவது சொன்னா "எத்தினை ஓட்டம்?" எண்டு கேட்கக் கூடாது, நீண்ட ஆயுளோட வாழ்ந்து செத்தவரைப் பற்றித்தான் அநேகமா அப்பிடிச் சொல்றது. அமெரிக்கப் பேச்சு பேஸ்போலில இருந்து வரும். கன்னியா வெந்நீர் ஊற்றுக்குப் போய்வர "போல்பார்க் ஃபிகர்" கேட்டா, உத்தேசமா எவ்வளவு எண்டு கேட்கிறாங்க.

இனிப் படிக்கிற விதம். ஒரு சின்னக் கொப்பி போதும். சொல்லும் கருத்தும் எண்டு இரண்டு நிரல் போடாம, காதில விழுந்த வசனத்தை முழுசா எழுதட்டும். பக்கத்தில எந்த நாட்டவர், இளசா வயசா, என்ன நடக்கேக்க சொன்னார் எண்டும். கிழமைக்கு அஞ்சு தாராளம். இரவைக்கு ஒக்ஸ்போட் அல்லது கேம்பிரிட்ஜ் மாணவர் அகராதியில பார்க்கட்டும், இரண்டும் இணையத்தில இலவசம். கருத்தை விட முக்கியம் பக்கத்தில போட்டிருக்கிற குறிப்பு: பழைய வழக்கு, பிரித்தானிய வழக்கு, ஸ்லேங், அவமதிப்பு எண்டு. "பிஸ்ட்" எண்டதைப் பார். இங்கிலாந்தில குடிவெறி, அமெரிக்காவில கோபம், ரிசெப்ஷனில இரண்டுமே வாயில வரக் கூடாது. பிறகு யூகிளிஷ் தளத்தில அந்தத் தொடரைப் போட்டா, உண்மையான ஆக்கள் கதைக்கிற காணொளித் துண்டுகள் வரும். அமெரிக்கா, இங்கிலாந்து, அவுஸ்திரேலியா எண்டு பிரிச்சும் கேக்கலாம். மூண்டு வேற வேற ஆக்கள் சொல்லக் கேக்கும் வரைக்கும் தான் பாவிக்காம இருந்தா நல்லம்.

பாவிக்கேக்கயும் உருவத்தை மாத்தக் கூடாது. நாங்கள் "கம்பி நீட்டினான்" எண்டா ஓடிட்டான். "இரண்டு கம்பி நீட்டினான்" எண்டா கம்பி வேலை. அதே மாதிரி "ஐ ஆம் ஓல் இயர்ஸ்" (கவனமாக் கேக்கிறன், சொல்லு) எண்டதில கடைசி "ஸ்" போனா தொடரே போச்சு. எங்கட தொடரோட பொருத்திப் பார்க்கிறதும் ஆபத்து: "புல்லிங் மை லெக்" எண்டா பகிடி விடுறது மட்டும்தான், இங்க காலை வாரினா ஆள் விழுந்திடும். கம்பஸ் படிப்பு முடிச்சதை "பாஸ்ட் அவுட்" எண்டு சொல்ற எங்கட பழக்கத்தையும் விடச் சொல்லு. வெள்ளைக்காரர் மயங்கி விழுந்தவன் எண்டு நினைப்பாங்க.

இன்னொண்டு, மச்சான். விருந்தாளி இவனை "மேட்" எண்டு கூப்பிடலாம்; இவன் திருப்பிக் கூப்பிடக் கூடாது. "சேர்", "மேடம்" தான். எல்லாத்தையும் விளங்கிக்கொள்ளட்டும், எளிய இங்கிலிஷில பதில் சொல்லட்டும். அவனிட்ட ஹோட்டல் எதிர்பார்க்கிறது அவ்வளவுதான்.

எப்ப வேலைக்குச் சேர்றான், எந்த ஷிஃப்ட் எண்டு எழுது. இரவு ஷிஃப்ட் எண்டா நிலாவெளிப் பக்கமே அறை பார்க்க வேணும், சீசன் தொடங்கினா வாடகை ஏறிடும். அக்காட விசயத்துக்கு வேற கடிதம் போடுறன். அதுவரைக்கும் நீ வாயைத் திறக்காதே.

உன்ட மச்சான்