அம்மாவின் கல்லும் மாமாவின் பழைய ஆபரேஷனும்

நாகர்கோவில்

அன்புள்ள தாசு,

உன் கடிதம் கிடைத்தது மக்கா. இங்கே இடவப்பாதி மழை நல்லா பிடித்துவிட்டது. பேச்சிப்பாறைத் தண்ணீர் கால்வாயில் வந்து, கன்னிப்பூ நெல் நடவும் முடிந்தது.

அம்மா இப்போது நன்றாகச் சாப்பிடுகிறார்கள், கண்ணில் மஞ்சள் இல்லை. ஆனால் வாய்வழியாகக் கேமராக் குழாயை விட்டுச் செய்யும் ஈஆர்சிபி-யில், பித்தக்குழாய்க் கல்லை முதல் தடவையே எடுக்கவில்லை என்று அந்த டாக்டர் மேல் உனக்குக் கோபம் இருப்பது எழுத்திலேயே தெரிகிறது. நீ அனுப்பிய படங்களை நிதானமாகப் பார்த்தேன். அவர் நிறுத்தியதுதான் சரி.

இரைப்பையைத் தாண்டி முன்சிறுகுடலின் இரண்டாம் பகுதியில், உட்புறச் சுவரில் ஒரு சின்ன முளை உண்டு. பாப்பிலா என்போம். பித்தக்குழாயும் கணையக்குழாயும் அங்கேதான் வந்து திறக்கின்றன. கேமராவை நேர் எதிரே நிறுத்திப் பார்த்தால், கடிகார முகத்தில் 11 மணிப் பக்கமாக மேலேறிப் போவது பித்தக்குழாய். 1 மணிப் பக்கம் போவது கணையக்குழாய். இரண்டுக்கும் நடுவே சில மில்லிமீட்டர்தான். அந்த இடைவெளியில்தான் இந்த வேலை செய்யும் எங்களை மாதிரி டாக்டர்களின் பிழைப்பே.

அந்த முளை எல்லாருக்கும் ஒரே மாதிரி இருப்பதில்லை. 2017-இல் ஸ்காண்டிநேவிய டாக்டர்கள் அதை நான்கு வகையாகப் பிரித்தார்கள். சிலருக்கு 3 மில்லிமீட்டர்கூடத் தேறாது. சிலருக்கு யானைத் தும்பிக்கை நுனி மாதிரி துருத்திக்கொண்டு தொங்கும். இந்த இரண்டு வகையிலும் குழாய்க்குள் நுழைவது சிரமம் என்று பிறகு அவர்களே அளந்து காட்டினார்கள். அம்மாவுக்குத் தொங்கும் வகை. வாய் கீழே பார்க்கிறது, உள்ளே குழாய் வளைந்து திரும்புகிறது. வழி பிடிக்க முதலில் விடும் மெல்லிய கம்பியை, அதாவது கைடு வயரை, விட்டால் மடிப்பில் போய் முட்டும், இல்லையென்றால் கணையத்துக்குள் போகும். படத்தில் வயர் கணையத்துக்குள் கிடப்பது தெளிவாகவே தெரிகிறது.

குத்தக் குத்த முளை வீங்கும். வீங்கினால் கணைய நீர் வெளியே வர வழி இல்லாமல் கணையம் புண்ணாகிவிடும். அதில் உயிருக்கே ஆபத்து வந்தவர்களும் உண்டு. அதனால்தான் 5 தடவைக்கு மேல் தொட்டாலோ, 5 நிமிடம் தாண்டினாலோ, ஒரு தடவைக்கு மேல் வயர் கணையத்துக்குள் போனாலோ, இது கடினமான கேஸ் என்று முறையை மாற்றச் சொல்கிறார்கள். அவர் கணைய நீர் வடிய கணையக்குழாயில் ஸ்டென்ட் என்னும் மெல்லிய குழாயை வைத்து, கணையம் புண்ணாகாமலிருக்க ஆசனவாயில் டைக்ளோஃபெனாக் மாத்திரையும் வைத்து அனுப்பியிருக்கிறார். வீக்கம் வற்றியபின் அடுத்த தடவை அந்த ஸ்டென்டையே அடையாளமாக வைத்து, அதற்கு மேலே பித்தக்குழாயைப் பிடித்திருக்கிறார். கெட்டிக்காரர்.

அப்புறம், மாமாவுக்கும் இப்போது மஞ்சக்காமாலை, அதே ஈஆர்சிபி செய்யச் சொல்கிறார்கள் என்று ஒரு வரியில் எழுதி முடித்துவிட்டாய். எனக்கு அதுதான் பெரிய விஷயம். அவர் வயிற்றில் மேலிருந்து கீழே நீளமான தழும்பு உண்டு, குளத்தில் குளிக்கும்போது நாம் பார்த்ததுதான். அல்சருக்குச் செய்த ஆபரேஷன். 1922-இல் எவரெஸ்ட் ஏறப் போய்விட்டு, பிறகு நெய்யூரைப் பார்த்து அங்கேயே வேலை செய்ய முடிவெடுத்த சோமர்வெல் டாக்டர் காலத்திலிருந்தே நம்ம பக்கம் அந்த ஆபரேஷன் நிறைய நடந்தது.

அதில் எந்த வகை என்பதுதான் கேள்வி. இரைப்பையைக் குடலோடு சேர்த்துத் தைத்ததோடு விட்டிருந்தால், பழைய வழி அல்சர் தழும்பில் அடைபடாமல் இருக்கும்வரை அதிலேயே போகலாம். இரைப்பையின் அடிப்பகுதியை வெட்டி எடுத்து, முன்சிறுகுடலின் வாயை மூடி, மிச்ச இரைப்பையைக் கீழே உள்ள குடலோடு தைத்திருந்தால் கதையே வேறு. குடலுக்குள் பின்பக்கமாக ஏறிப் போக வேண்டும், பாப்பிலா தலைகீழாய்த் தெரியும், பித்தக்குழாய் 5 மணிப் பக்கம் வந்துவிடும். மேலே வளையும்படி செய்த கருவிகள் அங்கே உதவாது. குடல் ஓட்டையாகும் ஆபத்தும் கூடுதல்.

அதனால் மாமாவின் பழைய டிஸ்சார்ஜ் சீட்டை அத்தையிடம் தேடச் சொல். டிரங்குப் பெட்டியில் பத்திரத்தோடு கிடக்கலாம். இல்லையென்றால் எந்த ஆஸ்பத்திரி, எந்த வருஷம் என்றாவது கேட்டுச் சொல். அவரை அட்மிட் பண்ணும் முன்னால் அந்த டாக்டர் கையில் அது இருக்க வேண்டும். நானே கொண்டுபோய்ப் பேசுகிறேன்.

அன்புடன்,
ஜெயன்